பண்டல் ரூம் முற்றுகை

வகுப்பை எப்படி அடக்குவது, பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. என்னைக் கூப்பிட்டவர்கள், "உங்கள் பணிக்காலத்தில் கிடைத்த பாராட்டு ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள், சின்ன டீச்சர்களுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றார்கள். சரி, சொல்கிறேன். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு தடவை பட்டுப் புடவை பரிசாக வந்தது. அது எதற்காக வந்தது என்று கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நானே நினைத்துக்கொண்டதைவிட மோசமாக உங்களால் நினைத்துவிட முடியாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து திருப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வயது குறைவு, வாய் நீளம். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு அதைவிட நீளம். அன்றைக்குப் பதினோராம் வகுப்புதான் பள்ளியின் கடைசி வகுப்பு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டோடு ஒட்டினாற்போல் பனியன் கம்பெனி இருக்கும். வீட்டுப்பாடத்தைக் கேட்டால், "மெசின் சத்தத்துல மறந்துட்டனுங்க டீச்சர்" என்று கூசாமல் சொல்லுவார்கள்.

மத்திய கால ஐரோப்பா என்று ஒரு பாடம். நிலமானிய முறை, அரசன், அவனுக்குக் கீழே பிரபு, பிரபுவுக்குக் கீழே நைட் என்கிற குதிரை வீரன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒரு நாள் கம்பெனி வாசலில் கிடந்த வேஸ்ட் பனியன் துணியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "இதை இழுத்துப் பாருங்க. நூல் வளையம் வளையமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்குதா? நைட் போட்டுக்கிட்ட சட்டையும் இப்படித்தான். நூலுக்குப் பதிலா இரும்பு வளையம்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "அப்பொ அவிங்களும் பனியன் போட்டுக்கிட்டுத்தான் சண்டைக்குப் போனாங்களாக்கும்!" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு யாரும் கொட்டாவி விடவில்லை.

பாடப் புத்தகத்தில் பெண்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. சீமாட்டிகள் நூல் நூற்றார்கள், பூவேலை செய்தார்கள் என்று. எனக்கு அது போதவில்லை. கல்லூரி நூலகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். புருஷன் போருக்குப் போய் மாதக்கணக்கில் வரமாட்டான். சாவிக்கொத்து பெண்டாட்டி இடுப்பில் இருக்கும். தானியக் கிடங்கு, கிணறு, வேலையாட்கள், கோட்டைக் கதவு எல்லாம் அவள் பொறுப்பு. எதிரி வந்து வளைத்துக்கொண்டால் கதவைச் சாத்தச் சொல்லி உத்தரவு போடுகிறவளும் அவள்தான். இப்படி நான் சொல்லிக்கொண்டே போகும்போது தெய்வானை எழுந்து நின்றாள்.

தெய்வானையின் அப்பா பழனிச்சாமி. தோட்டங்காட்டை விற்றுப் பனியன் கம்பெனி போட்டவர். இவள் ஒரே பெண். நன்றாகப் படிப்பாள், அதைவிட நன்றாகக் கேள்வி கேட்பாள். பள்ளி முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. என்னைப் பார்த்து வந்த ஆசைதான் அது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

"எங்கூட்லயும் அப்படித்தானுங்க டீச்சர். அப்பா சரக்கு எடுத்துக்கிட்டுக் கல்கத்தா போயிட்டாருன்னா கம்பெனிச் சாவி அம்மா இடுப்புலதான் இருக்கும். நூலு எடை போடறது, கூலி குடுக்கறது எல்லாம் அம்மாதானுங்க."

"அப்பா திரும்பி வந்ததும்?"

"அவரு குளிச்சு சாமி கும்பிட்டுட்டு வந்து கையை நீட்டுவாருங்க. அம்மா சாவியக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிரும்."

அட, இவ்வளவு அருமையாக யார் சொல்லுவார்கள் என்று அவளை வகுப்பு முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். பிறகு கல்யாண விஷயத்துக்கு வந்தேன். வாரிசாக ஒரே பெண் இருந்தால் பிரபு காட்டுகிற ஆளுக்குத்தான் கழுத்தை நீட்ட வேண்டும், நிலம் அவளோடு சேர்ந்து அந்தக் கைக்குப் போகும் என்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியை என் பேச்சுத் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முற்றுகை பற்றி நடத்தியபோது இன்னொன்றும் சொன்னேன். கோட்டைகள் பெரும்பாலும் சண்டையில் விழுவதில்லை. உள்ளே இருக்கிறவர்கள் நம்புகிற ஒருவரை எதிரி தூது அனுப்புவான், அவர் பேச்சை நம்பிக் கதவு திறக்கும் என்று. தெய்வானை மறுபடி எழுந்தாள்.

"தூது வர்றவருக்கு அது பொய்னு தெரியுமுங்களா டீச்சர்?"

இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் தெரியாதவராகப் பார்த்து அனுப்புவார்கள்" என்று ஒரு போடு போட்டேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம் ஒரு நாள் காலையில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் பழனிச்சாமி நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து அன்று காலைதான் வந்தாராம்.

"டீச்சர், எம் பொண்ணு பண்டல் ரூமுக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிச்சுங்க. நான் குளிக்கறதுக்குள்ள சாவிய எடுத்துருச்சு. கல்யாணம் வேண்டாம், பரிச்சை எழுதோணும்ங்குது. உள்ளார அத்தனை சரக்கும் இருக்குது, ரயிலுக்குப் போகோணும். கதவ ஒடச்சா ஊரே சிரிக்கும். நீங்க சொன்னாத்தான் அது கேக்கும். வாங்க டீச்சர்."

தலைமை ஆசிரியை, "போய்ப் பேசி முடித்துவிட்டு வாருங்கள், பள்ளிப் பெயர் வெளியே வரக் கூடாது" என்றார். நீங்க சொன்னாத்தான் கேக்கும் என்ற சொல் என் தலைக்குள் ஏறிவிட்டது. குதிரை வண்டியில் அவரோடு போனேன். வழியெல்லாம் பழனிச்சாமிக்கு உபதேசம். பெண்ணைப் படிக்கவைக்காமல் இருப்பது எவ்வளவு பிற்போக்கு என்று நான் பேச, அவர், "ஆமாங்க டீச்சர், ஆமாங்க டீச்சர்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். எவ்வளவு சீக்கிரம் மாறிவிட்டார் மனுஷன் என்று எனக்குத் திருப்தி.

கம்பெனி முன்னால், பின்னால் வீடு, நடுவில் பண்டல் ரூம். தைத்து மடித்த பனியன்களை மூட்டை கட்டி அடுக்கிவைக்கிற அறை அது. வாசலில் மாட்டு வண்டி காலியாக நின்றது. மெசின்களை நிறுத்திவிட்டு வேலையாட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஒறம்பரைக் கூட்டம், சொந்தபந்தமெல்லாம். பழனிச்சாமியின் அக்கா ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய்ச் சட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை என்று பேச்சு அடிபடுவது அவர் மகன்தான். பக்கத்தில் தட்டுத் தட்டாகப் பழமும் வெற்றிலையும். சும்மா கல்யாணப் பேச்சு என்றால் இத்தனை சனமும் இத்தனை தட்டும் எதற்கு என்று ஒரு வரலாற்று டீச்சருக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தக் கூடத்திலேயே ஒரே நாற்காலி. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தெய்வானையின் அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தார். "வாங்க டீச்சர். உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிங்க" என்றார்.

"அப்புறம் குடிக்கலாம்மா. வந்த வேலை முதல்ல" என்றேன். அந்த அம்மாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இந்த ஊர்ப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்வதும், அவர்கள் மறுபடி கூப்பிடுவதும் வழக்கந்தானே.

கதவருகில் போய்த் தட்டினேன். "தெய்வானை, நான் வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நெசமாவே டீச்சருங்களா?"

"சந்தேகம் இருந்தா கேள்வி கேளு."

"நைட்டோட சட்டைக்கு எதைக் காட்டுனீங்க?"

"வேஸ்ட் பனியனை."

உள்ளே அவள் சிரித்தது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அறைக்குள் பயந்துபோய் உட்கார்ந்திருந்த பிள்ளை என் குரலைக் கேட்டுச் சிரித்தாள். இன்றைக்கும் என்னால் அதை நினைக்க முடிவதில்லை.

"எங்கப்பா என்னங்க சொல்றாரு?"

நான் பழனிச்சாமியைப் பார்த்தேன். அவர் சத்தமாகவே சொன்னார்: "பரிச்சை எழுதட்டும் கண்ணு. அதுக்கு அப்புறந்தான் மத்ததெல்லாம். டீச்சரு முன்னால சொல்றேன்."

"சிவன்மலை ஆண்டவர் மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க டீச்சர்."

பழனிச்சாமி வண்டிப் பக்கம் பார்த்தார். அவர் அக்காதான் எழுந்து வந்தார். "எதுக்கு அம்முணி சாமிய இழுக்கறே? டீச்சரு வாக்குக் குடுத்தாப் பத்தாதா? டீச்சரவிடப் பெரிய சத்தியமா?" என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டார். "காப்பி ஆறுதுங்க டீச்சர். அடுப்படிக்கு வந்து குடிச்சுப்போட்டு அப்புறமாப் பேசுங்களேன்."

"காப்பிய இங்கியே கொண்டாந்து குடு புள்ள, சும்மா கூப்புட்டுக்கிட்டே இருக்காதே" என்றார் பழனிச்சாமி. நானும், "இருங்கம்மா, இது முக்கியமில்லையா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். ஆமாம், அதட்டினேன். ஆண்கள் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

நான் கதவில் கை வைத்துச் சொன்னேன்: "தெய்வானை, நான் வாக்குக் குடுக்கறேன். நீ பரீட்சை எழுதுவே. கதவைத் திற."

"நீங்க சொல்றீங்கன்னாத் தொறக்கறனுங்க டீச்சர்."

தாழ்ப்பாள் விலகியது. தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்ட அவள் வெளியே வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை. சாவியை என் கையில் வைத்தாள். அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பழனிச்சாமியின் கையில் கொடுத்தேன். மூட்டைகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கொண்டுவந்து வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல், ஏதோ தேசத்தையே காப்பாற்றிவிட்டவளைப்போலப் பள்ளிக்குத் திரும்பினேன்.

மறுநாள் தெய்வானை வரவில்லை. அலைச்சல், ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பழனிச்சாமியின் கம்பெனியிலிருந்து ஒரு தட்டு பள்ளிக்கு வந்தது. பழம், வெற்றிலை, கல்யாணப் பலகாரம், மேலே ஒரு பட்டுப் புடவை. சிவன்மலையில் கல்யாணம் சிறப்பாக முடிந்தது, டீச்சர் இல்லாவிட்டால் நடந்திருக்காது, ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எவ்வளவு நாசூக்காக முடித்திருக்கிறீர்கள்!" ஆசிரியைகள் புடவையின் கரையைத் தடவிப் பார்த்தார்கள். "எங்களுக்கெல்லாம் யார் தருகிறார்கள்?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். அத்தனை பேருக்கும் அது பாராட்டு. எனக்கு மட்டும் அங்கேயே பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் வாய் நீளம் என்று பேர் வாங்கிய நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புடவையை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பழனிச்சாமியை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஒரு நாள் புறப்பட்டுப் போனேன். அவர் மறுபடி கல்கத்தா போயிருந்தார். மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தெய்வானையின் அம்மா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நூல் எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசை ஒரு ஆளிடம் விட்டுவிட்டு, "வாங்க டீச்சர்" என்று அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை பேசாமல் போனேன்.

அடுப்படியில் இன்னொரு கதவு இருந்தது. "இதென்னங்கம்மா?" என்று கேட்டேன்.

"பண்டல் ரூமுக்குத்தானுங்க. உள்பக்கம் தாப்பாளு. நாங் கூப்புட்டாப் புள்ள தொறந்திருக்கும்." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்குச் சாவியக் குடுத்து உள்ள போகச் சொன்னதே நாந்தானுங்க டீச்சர். அவரு கல்கத்தா போறதுக்கு முந்தியே ஊத்துக்குளியில உப்புச் சக்கரை மாத்திட்டாங்க."

உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது இந்தப் பக்கத்தில் கல்யாணத்தை உறுதி செய்கிற சடங்கு. அது முடிந்தால் முடிந்ததுதான்.

"முகூர்த்தத்துக்கு நாளும் குறிச்சாச்சுங்க. ஒறம்பரைக சேந்து வந்ததே புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தான். அக்கா மவனே மருமவனா வந்தா கம்பெனி வெளிய போகாதுன்னு அவருக்கு நெனப்புங்க. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு உசுரே வந்துச்சு. காப்பிக்குக் கூப்புட்டு விசயத்தச் சொல்லி, இந்தக் கதவு வழியா புள்ளையக் கையோட உங்ககூட அனுப்பிச்சுட்டா, வீட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியா வண்டியேறிப் போயிரலாம், பரிச்சை முடியற வரைக்கும் பள்ளிக்கூட ஆஸ்டல்ல வெச்சுக்குவீங்கன்னு நெனச்சனுங்க. அத்தன ஆம்பளைகளுக்கு முன்னால நா என்னத்தச் சொல்றதுங்க? ரெண்டு வாட்டி கூப்புட்டனே டீச்சர்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதக்கணக்காகப் பாடம் நடத்தினேன், புருஷன் போனால் கோட்டையைக் கட்டிக் காப்பவள் பெண்தான் என்று. அந்தக் கோட்டைக்காரி நிலைப்படியில் நின்று என்னை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் நாற்காலி போட்டவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்குதும்மா. நான் ஊத்துக்குளிக்குப் போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாமுங்க. புஸ்தகத்தையெல்லாம் எடுத்துட்டாங்களாம். நீங்க போனா புள்ளைக்குத்தான் பேச்சு வாங்கித் தரும்."

புடவையை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதையும் கொண்டு போயிருங்க டீச்சர். திருப்பிக் குடுத்தீங்கன்னா நாம பேசிக்கிட்டது அவருக்குத் தெரிஞ்சுரும்." அந்தப் புடவை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு நாளும் கட்டியதில்லை. மடிப்பில் இற்றுப்போய்விட்டது.

காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தார். நான் குடிக்க ஆரம்பித்ததும் சொன்னார்: "டீச்சரு எப்பவாச்சும் வந்தாங்கன்னா ஒண்ணு சொல்லச் சொல்லிப் புள்ள அனுப்பிச்சுதுங்க. ‘டீச்சரு மேல தப்பில்ல, தூது வர்றவங்களுக்கு அது பொய்னு தெரியாது’ன்னு. உங்க பாடத்துல அப்படி வருதாமுங்களே?"

எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு அன்றைக்கு நான் வாய்க்கு வந்தபடி உளறியது அது. அதை அந்தப் பிள்ளை நம்பி எழுதிவைத்து, எனக்காகவே எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த அம்மா என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, வருது" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினேன். தூதர் வரும் இடத்தில் மட்டும், கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மாற்றிச் சொல்லிவந்தேன். நீங்களும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகவேண்டி வரும். நாற்காலி போடுவார்கள், டீச்சர் சொன்னாத்தான் கேக்கும் என்பார்கள். உள்ளேயிருந்து ஒரு அம்மா காப்பி குடிக்கக் கூப்பிட்டால், தயவுசெய்து எழுந்து அடுப்படிக்குப் போங்கள்.